நாயனத்துக்கு எதற்கு டிகிரி?

நேயர்களுக்கு வணக்கம். காவேரிப்பட்டணத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து பந்தியும் போட்டாயிற்று. பெண்ணின் பெரியப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏம்ப்பா, நாயனம் ஊதறதுக்கு டிகிரி எதுக்கு? உங்கப்பா எந்தக் காலேஜுல படிச்சாரு?" என் வாய் நிறைய வெற்றிலை. சிரித்து வைத்தேன். அவருக்கான பதில் இதோ.

நாயனம் என்கிற நாதஸ்வரம் அப்பாவிடமிருந்து எனக்குக் கேள்வி ஞானமாக வந்தது. சாமி புறப்பாட்டுக்குக் கம்பீரநாட்டை ராகத்தில் மல்லாரி என்ற புறப்பாட்டு இசை, வீதி திரும்பியதும் தோடி ராகம், எல்லாம் கை போன போக்கில் வரும். பிறகு டிகிரிக்குச் சேர்ந்த பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் முதல் வாரமே நிறுத்தினார். "தோடியில காந்தாரத்தை மட்டும் பிடி தம்பி." காந்தாரம் என்றால் 'க' ஸ்வரம். பிடித்தேன், நிற்கவில்லை. நிற்கக் கூடாது என்பதே அப்போதுதான் உறைத்தது. ஏட்டில் அது சாதாரண காந்தாரம். வாசிப்பிலோ அசைந்துகொண்டே இருக்கும். நாதஸ்வரத்தில் விரல் வைக்கும் துளை 7தான். மீதி நுணுக்கமெல்லாம் மூச்சின் அழுத்தமும் பாதி மூடிய விரலும். ஒரு வாரம் முழுக்க, தம்புரா சுருதியில் அந்த ஒரே ஸ்வரம். வருஷக்கணக்காக ஊதியதை அந்த வாரம்தான் காதால் கேட்டேன்.

குறையும் உண்டு. தெருவில் ஒரு ராகத்தை ஒரு மணி நேரம் இழைப்பவனுக்குத் தேர்வில் 10 நிமிஷம். சூடு பிடிப்பதற்குள் "போதும்" என்றுவிடுவார்கள். அதைவிட மோசம் வாசலில் காத்திருந்த 2 மணி நேரம். என் முறை வந்தபோது, வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டான சீவாளி ஈரம் காய்ந்துபோய், நாதம் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. கோயிலில் இந்தத் தொல்லை இல்லை. விட்டு வாசித்தால்தானே காய!

படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் எடுத்தவுடன் வெளியூர் ஓட வேண்டாம். கிருஷ்ணகிரியிலேயே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, 3 வருடப் படிப்பு. நாதஸ்வரம், தவில், தேவாரம், குரலிசை, வயலின், மிருதங்கம், பரதம் எல்லாம் உண்டு. அதற்கு மேல் திருவையாறு, சென்னை அரசு இசைக் கல்லூரிகள். சிதம்பரத்தில், 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 2013-ல் சென்னையில் வந்த இசை, கவின்கலைப் பல்கலைக்கழகம். நம்ம ஊர்க் கூத்துப் பம்பை வாசிப்பவர் ஒருவர்கூட என் வகுப்பில் இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

சேர்க்கைக்கு வாசித்துக் காட்டப் போகும் பிள்ளைகளே, கூடுதலாக 2 சீவாளி வாத்தியத்தில் தொங்கட்டும். உங்களுக்கு முன்னால் இருப்பவர் உள்ளே போனதும் ஒன்றை எடுத்து நாக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.