சந்தேகம்: கன ஃபெர்மியான் பொருளின் மேற்பரப்பில் எலக்ட்ரானின் ஸ்பின் ஏன் வேறு மாதிரி இருக்கிறது?

வலங்கைமானிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "சார், போன வீடியோவில் கன ஃபெர்மியான் பொருளில் எலக்ட்ரானின் நிறை பல நூறு மடங்கு ஆகிவிடும் என்றீர்கள். மேற்பரப்பில் மட்டும் ஸ்பின் தனி ஒழுங்கில் இருக்கும் என்றும் சொன்னீர்கள். ஒரே பொருள்தானே, உள்ளே ஒன்று வெளியே ஒன்றா?"

நல்ல கேள்வி. முதலில் அந்தக் கனத்தைப் பார்த்துவிடலாம்.

நீங்கள் டெல்டா பிள்ளை, சேற்றுழவு முடிந்த வயலில் இறங்கியிருப்பீர்கள். முழங்கால் வரை புதைகிறது. காலைத் தூக்கினால் கால் மட்டுமா வருகிறது? ஒரு கூடைச் சேறும் சேர்ந்து வருகிறது. உங்கள் எடை கூடவில்லை, ஆனால் ஒவ்வொரு அடியும் கனக்கிறது. சீரியம், சமாரியம், இட்டர்பியம் போன்ற அணுக்களில் எஃப் எனப்படும் உள்கூட்டு எலக்ட்ரான்கள் அணுவோடு ஒட்டிக்கொண்டு, ஆளுக்கொரு சின்னக் காந்தம்போல இருக்கும். நன்றாகக் குளிர்வித்தால், ஓடுகிற எலக்ட்ரான்கள் இந்தக் காந்தங்களின் ஸ்பின்னோடு, அதாவது அந்தச் சின்னக் காந்தம் நோக்கும் திசையோடு, எதிரெதிராகப் பிணைந்து அவற்றை மறைத்துவிடும். உலோகத்தில் ஒரே ஒரு காந்த அணு இருந்தால் என்ன ஆகும் என்பதை 1964-ல் ஜப்பானிய இயற்பியலாளர் ஜுன் கோண்டோ விளக்கினார். இங்கே அணுவுக்கு அணு அதே கதை. இனி ஓடுகிற எலக்ட்ரான் எஃப் எலக்ட்ரானையும் இழுத்துக்கொண்டுதான் ஓட வேண்டும். 1975-ல் சீரியமும் அலுமினியமும் சேர்ந்த ஒரு பொருளில் வெப்ப ஏற்புத்திறனை அளந்தார்கள். அதில் எலக்ட்ரான்களின் பங்கு செம்பில் இருப்பதைப் போல 2,000 மடங்குக்கும் மேல் இருந்தது. எலக்ட்ரான் எவ்வளவு கனமோ அந்தப் பங்கும் அவ்வளவு பெரிது. கனம் என்று சொல்வது இதைத்தான்.

சரி, மேற்பரப்புக்கு வருவோம். இதற்குச் சமாரியம் ஹெக்ஸாபோரைடை எடுத்துக்கொள்கிறேன், மிக அதிகமாக ஆராயப்பட்டது அதுதான். இதில் பிணைப்பு இன்னும் ஒரு படி மேலே போய், உள்ளே மின்சாரம் ஓடவே முடியாதபடி ஓர் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரான் இருக்கவே முடியாத ஆற்றல்களின் வரம்பு, திறந்துவிடும். குளிரக் குளிர மின்தடை ஏறிக்கொண்டே போக வேண்டும், இல்லையா? சுமார் 4 கெல்வினுக்குக் கீழே அது ஏறாமல் நின்றுவிடுகிறது. இது 1969 காலத்திலிருந்தே தெரியும். நாற்பது வருஷம் காரணம் பிடிபடவில்லை. 2010-ல் இயற்பியலாளர் பியர்ஸ் கோல்மனும் அவரோடு இருந்த மூவரும் சொன்னார்கள்: பட்டை என்றால் எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல்களின் தொகுதி; உள்ளே எஃப் எலக்ட்ரான்களின் பட்டையும் டி எலக்ட்ரான்களின் பட்டையும் மேல் கீழாக இடம் மாறிக் கிடக்கின்றன, வெளியே வெற்றிடத்தில் அந்த மாற்றம் இல்லை, ஆகவே எல்லையில் இடைவெளி மூடித்தான் ஆக வேண்டும். அதாவது வயல் நடுவே நடக்க வழியில்லை, வரப்பில் வழி உண்டு. பொருளைத் தேய்த்து மெல்லியதாக்கினாலும் அந்தக் கடைசித் தடை மாறவில்லை என்று 2013-ல் அளந்து காட்டினார்கள். மின்சாரம் தோலில்தான் ஓடுகிறது.

இப்போது ஸ்பின். என் வலது கையை நேராக நீட்டுகிறேன், எலக்ட்ரான் போகும் திசை இது. கையில் இந்தப் பென்சிலைக் குறுக்காக வைக்கிறேன், கூர்முனை இடது பக்கம். இதுதான் ஸ்பின். பென்சிலைக் கையோடு கட்டிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படியே திரும்பி நின்றால் கூர்முனையும் எதிர்ப்பக்கம் போய்விடுகிறது, பார்த்தீர்களா? மேற்பரப்பு எலக்ட்ரானுக்கும் இதே கட்டு. கிழக்கே போனால் ஸ்பின் ஒரு பக்கம், மேற்கே போனால் நேரெதிர். ஆக, போகிற எலக்ட்ரான் வந்த வழியே திரும்ப வேண்டுமென்றால் ஸ்பின்னையும் புரட்டியாக வேண்டும். சாதாரண அழுக்கு அணுவால் அதைப் புரட்ட முடியாது. காந்த அணுவால் முடியும்.

இந்த வித்தியாசத்தைச் சோதித்துப் பார்த்தார்கள், எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஒரு துண்டில் காந்தமில்லாத இட்ரியத்தைக் கொஞ்சம் கலந்தார்கள்: மேற்பரப்பு மின்சாரம் அப்படியே இருந்தது. இன்னொன்றில் காந்தமுள்ள கடோலினியத்தைக் கொஞ்சம் கலந்தார்கள்: போய்விட்டது. 2014-ல் சுவிட்சர்லாந்தில், ஒளியால் எலக்ட்ரானை வெளியே தள்ளி அதன் ஸ்பின்னை நேராகவே அளந்தார்கள். திசையோடு பூட்டிக்கொண்ட ஸ்பின் தெரிந்தது.

எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். எந்த மேற்பரப்பிலும் மேலும் கீழும் சமமில்லை. ஒரு பக்கம் பொருள், ஒரு பக்கம் வெற்றிடம். அந்தச் சமமின்மையே ஸ்பின்னைத் திசையோடு கட்டிவிடும். இதற்கு ராஷ்பா விளைவு என்று பெயர். அதில் எதிரெதிர் ஸ்பின் கொண்ட பட்டைகள் ஜோடியாக வரும், அதனால் திரும்பிப் போகிற வழி முழுக்க அடைபடாது. சமாரியம் ஹெக்ஸாபோரைடில் தெரிவதும் இந்தச் சாதாரண வகைதான் என்று 2018-ல் ஒரு குழு வாதிட்டது. என் கணிப்பில் கடோலினியச் சோதனை முதல் விளக்கத்துக்கே பலம் சேர்க்கிறது. ஆனால் ஸ்பின் பூட்டிக்கொண்டது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது, பட்டைகள் ஜோடியாக வருகின்றனவா, ஒற்றைப்படையாகவா என்று எண்ண வேண்டும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. மேற்பரப்பு எலக்ட்ரான்களும் கனமாக இருக்கும் என்றுதான் முதலில் கணக்குப் போட்டார்கள். அளந்தால் பல சோதனைகளில் லேசாக வந்தது. 2015-ல் கோல்மன் குழு ஒரு விளக்கம் கொடுத்தது: விளிம்பில் இருக்கும் சமாரிய அணுவுக்கு ஒரு பக்கம் அண்டை அணுக்களே இல்லை, அதனால் அதன் காந்தத்தை மறைக்கும் பிணைப்பு அங்கே தளர்ந்துவிடுகிறது, ஓடுகிற எலக்ட்ரான் எஃப் எலக்ட்ரானை இழுக்க வேண்டியதில்லை. வரப்போரம் சேறு கணுக்கால் அளவுதானே.