படி எவ்வளவு உயரம்?

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், அவர்களை அழைத்து வந்திருக்கும் பிள்ளைகளுக்கும், வார்டு உறுப்பினர்களுக்கும், வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் கொத்தனார், மேஸ்திரிகளுக்கும் வணக்கம்.

இந்த மேடைக்கு மூன்று படிகள். டேப் வைத்து அளந்தேன்: ஒவ்வொன்றும் ஒன்பது அங்குலம். பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. சற்று முன் மேலே வந்த பெரியவர்கள் மூவரையும் இரண்டு இளைஞர்கள் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார்கள். "பாவம், தள்ளாமை" என்று நினைத்திருப்பீர்கள். ஆறு அங்குலப் படியும் பக்கத்தில் ஒரு கம்பியும் இருந்தால் அந்த மூவரும் தாமாகவே ஏறியிருப்பார்கள். அப்படியானால் தள்ளாமை எங்கே இருந்தது? பாதி முழங்காலில், பாதி படியில். முழங்காலைப் பற்றிப் பேச மருத்துவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் படியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. முதுமையைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட அறிக்கை, ஆரோக்கியமான மூப்பு என்றால் நோயே இல்லாமல் இருப்பது என்று சொல்லவில்லை. தனக்கு முக்கியமான காரியங்களைத் தானே செய்துகொள்ள முடிகிறதா என்பதுதான் அதன் கேள்வி. உடம்பும் மனமும் தரும் ஆற்றல் ஒரு பக்கம். வீடு, தெரு, உறவு, கையிருப்பு, சட்டம் தரும் வசதி மறுபக்கம். சர்க்கரையும் பி.பி.யும் இருக்கும் எழுபத்தைந்து வயது அம்மா கடைத்தெருவுக்கு நடந்து போய், காய் வாங்கி, கொசுறாகக் கறிவேப்பிலை கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினால் அவர் ஆரோக்கியமாகத்தான் மூப்படைகிறார். எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்தும் வாசல்படி இறங்கப் பயந்து உள்ளேயே இருப்பவரை அப்படிச் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். 2031-ல் அது பதினெட்டாகும் என்பது மத்திய அரசின் மக்கள்தொகை மதிப்பீடு. இப்போது நாற்பத்தைந்து வயதில் வங்கிக் கடன் வாங்கி வீடு கட்டுகிறவர் அந்த வீட்டில்தான் கிழவராகப் போகிறார். அவருக்கு அது தெரிவதில்லை. கட்டுகிற மேஸ்திரிக்காவது தெரியட்டும்.

படிக்கட்டிலிருந்தே தொடங்குவோம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீட்டுப் படியின் உயரத்துக்கு 19 செ.மீ. வரை இடம் தருகிறது, ஏழரை அங்குலம். வயதானவர்களுக்கு 15 செ.மீ. உயரமும், கால் வைக்க 30 செ.மீ. அகலமும் வேண்டும். ஆனால் உயரத்தைவிட மோசமான கோளாறு ஒன்று உண்டு: படிகள் ஒன்றுக்கொன்று சமமில்லாமல் இருப்பது. முதல் இரண்டு படியில் கால் ஒரு கணக்கைப் போட்டுக்கொள்கிறது. அதன்பின் கண் பார்ப்பதில்லை, கால்தான் பார்க்கிறது. கான்கிரீட் படியைப் போட்டுவிட்டு, பிற்பாடு தரைக்குக் கலவை கொட்டி டைல்ஸ் ஒட்டும்போது தரை இரண்டு அங்குலம் உயர்ந்துவிடுகிறது. அடியில் இருக்கும் படி மட்டும் குட்டையாகிவிடும். வாலிபர் தடுமாறிச் சமாளித்துக்கொள்வார். எழுபது வயதில் கால் தூக்கும் உயரமும் குறைவு, தடுமாறினால் மீளும் வேகமும் குறைவு. ஆகவே மேஸ்திரிகளே, தரை மட்டத்தை முடிவு செய்துவிட்டுப் படிகளைச் சமமாகப் பிரித்துப் போடுங்கள். கட்டி முடித்துவிட்ட வீடு என்றால் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு அங்குலத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடியுங்கள். பளபளக்கும் கறுப்பு கிரானைட்டில் விளிம்பு எங்கே முடிகிறது என்று கண்புரை உள்ள கண்ணுக்குத் தெரியாது. மேலே தூரம், கீழே கிட்டம் என்று இரண்டு பவர் உள்ள கண்ணாடி போட்டிருப்பவர்கள் இறங்கும்போது கீழ்ப்பாதி வழியாகத்தான் படியைப் பார்க்கிறார்கள். அது புத்தகம் படிக்கிற பவர், படி மங்கிவிடும். தெருவுக்கும் மாடிக்கும் தூரப் பார்வைக் கண்ணாடி தனியாக இருப்பது நல்லது.

அடுத்தது குளியலறை. வீட்டிலேயே வழுக்குகிற இடம் அது. பத்திருபது லட்சம் போட்டுக் கட்டிய வீட்டிலும் அதுதான் கடைசியாகக் கவனிக்கப்படுகிற இடம்.

முதலில் கதவு. உள்பக்கம் திறக்கிற கதவாக இருந்தால், விழுந்தவர் கதவுக்குக் குறுக்கே கிடப்பார். வெளியே இருப்பவர் தள்ளினால் அவரைத்தான் தள்ள வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே கொண்டிக்குப் பதில், அவசரத்துக்கு வெளியிலிருந்து நாணயத்தால் திருகித் திறக்கக்கூடிய பூட்டு போடுங்கள். தரைக்குப் பளபளப்பில்லாத டைல்ஸ் அல்லது வழுக்காத ஆன்டி-ஸ்கிட் டைல்ஸ். அதையும் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவாவிட்டால் சோப்புப் படலம் ஏறிச் சாதாரண டைல்ஸ் போலவே வழுக்கும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் விடமாட்டேன் என்பவர்கள் அறைக்கு வெளியே உட்கார்ந்தே எண்ணெய் தேய்த்து, உள்ளங்காலைத் துணியால் துடைத்துவிட்டு, உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கட்டும். ஸ்டூலின் காலடியில் ரப்பர் குப்பி இருக்க வேண்டும்.

பிடிக் கம்பி. பல வீடுகளில் "கம்பி இருக்கிறதே" என்று காட்டுவது துண்டு போடும் கம்பியை. அது துண்டைத் தாங்கும். விழப்போகிற அறுபது கிலோவைத் தாங்காது, ஸ்க்ரூவோடு பிடுங்கிக்கொண்டு வரும். கைப்பிடிக்கு 32 முதல் 38 மி.மீ. வரை தடிமன் உள்ள எவர்சில்வர் குழாய் வேண்டும். சுவருக்கும் குழாய்க்கும் நடுவே 38 முதல் 40 மி.மீ. இடைவெளி. குறைந்தால் விரல் நுழையாது. மிகுந்தால் முழங்கை வரை உள்ளே போய்ச் சிக்கி எலும்பு முறியும். செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் பிடிக்கும். ஹாலோ பிளாக் சுவரில் பிடிக்காது; மறுபக்கம் தகடு வைத்து முழுச் சுவரையும் துளைத்து முடுக்க வேண்டும். வெஸ்டர்ன் கழிப்பறையின் உட்காரும் உயரம் 45 முதல் 48 செ.மீ. இருந்தால் முழங்கால் தேய்ந்தவர் எழுந்துவிடுவார். கடையில் கிடைக்கும் பலவும் 40 செ.மீ.யைத் தாண்டாது. பீங்கானை மாற்ற வேண்டியதில்லை, மேலே வைக்கும் உயர்த்தி இருக்கை போதும். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவெல்லாம் எரியும் சிறு எல்இடி விளக்கு ஒன்றோ இரண்டோ.

இரவில் விழுவதற்கு இன்னொரு காரணம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. படுத்திருந்து சட்டென்று எழும்போது ரத்த அழுத்தம் இறங்கும். படுத்தபடி ஒருமுறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பி.பி. பாருங்கள், மேல் அளவு 20 புள்ளி இறங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பி.பி. மாத்திரை, சிறுநீர் பிரியும் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாம் இதைக் கூட்டும். நீங்களாக நிறுத்தவேண்டாம், எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள்.

விழுந்துவிட்டால்? ஒரு கால் குட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் பெரும்பாலும் இடுப்பு எலும்பு முறிவுதான். எண்ணெய் தடவி நீவக் கூடாது, கட்டு கட்டி மாதக்கணக்கில் படுக்க வைக்கவும் கூடாது. இரண்டு நாளுக்குள் அறுவை செய்து, மறுநாளே நிற்க வைப்பதுதான் இன்றைய முறை. ஏன் இந்த அவசரம் என்றால், நோயில்லாத முதியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் வைத்து 2007-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை கரைந்துபோனது. வீட்டுக்கு வந்து பயிற்சி தருகிற ஆள் கிடைக்காது என்று விட்டுவிடாதீர்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

தசை இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காருங்கள். 15 விநாடிக்குள் முடியவில்லை என்றால் கால் தளர்ந்திருக்கிறது. மருந்தும் அதுவேதான்: அதே எழுந்து உட்காரும் பயிற்சி, பத்துப் பத்தாக, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து விநாடி. வாரம் மூன்று நாளாவது. நடைப்பயிற்சி நல்லதுதான், ஆனால் காலையில் பூங்காவை நாலு சுற்று சுற்றுகிறவர்கள் இதைச் செய்வதில்லை. நடை மட்டும் கால் பலத்தையும் நிலைதடுமாறாமையையும் போதிய அளவு தராது.

பயிற்சி செய்தால் போதாது, தசைக்குச் சாப்பாடு வேண்டும். இங்கேதான் சமூகம் தட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஐம்பது கிலோ எடையுள்ள பாட்டிக்கு நாளைக்கு 50 முதல் 60 கிராம் புரதம் வேண்டும். அவர் தட்டைப் பாருங்கள். காலையில் மூன்று இட்லி, சாம்பார்: பத்துப் பன்னிரண்டு கிராம். மதியம் ரசம் சாதம், மோர்: எட்டோ பத்தோ. ராத்திரி கஞ்சி. முப்பதை எட்டுவதே பாடு. பல் இல்லை, அதனால் குழைந்த சோறு. எல்லோரும் சாப்பிட்ட பிறகு உட்காருவது வழக்கம், அதனால் குழம்பில் கிடந்த மீன் முடிந்துவிட்டது. "இந்த வயசுல எனக்கு எதுக்கு முட்டை" என்பது அவரே சொல்வது, ஆனால் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நாம். ஒரு முட்டையில் ஆறு கிராம். ஒரு டம்ளர் பாலிலும் ஆறு. ஐம்பது கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து, குக்கரில் நன்றாக வேகவிட்டு மசித்தால் ஒன்பது, பத்து. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிட வேண்டும். பல்செட் பொருந்தவில்லை என்றால் அதைச் சரிசெய்வதும் புரதச் செலவுதான்.

தெருவுக்கு வருவோம். சாலையைக் கடக்கும் பாதசாரி விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்ற கணக்கில்தான் பல ஊர்களில் சிக்னல் நேரம் வைக்கிறார்கள். பதினைந்து மீட்டர் சாலைக்குப் பன்னிரண்டரை விநாடி. விநாடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்குப் பத்தொன்பது விநாடி வேண்டும். விளக்கு மாறும்போது அவர் நடுச்சாலையில் நிற்கிறார். நாம் ஹாரன் அடிக்கிறோம். நடைபாதையின் விளிம்பு 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, நடக்க 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் வேண்டும் என்று சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டி சொல்கிறது. நம் ஊரில் அந்த 1.8 மீட்டரில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் இரண்டு பைக்கும் இருக்கும்.

பேருந்தில் 2021-லிருந்து பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லை. சென்னையில் அறுபது வயதுக்காரர்களுக்கு மாதம் பத்து இலவச டோக்கன். காசு தடையாக இல்லை. படிதான் தடை. தாழ்தளப் பேருந்தின் தளம் தரையிலிருந்து சுமார் 40 செ.மீ.; பழைய பேருந்தில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். சென்னையில் 2024-லிருந்து தாழ்தளப் பேருந்துகள் மறுபடி வரத் தொடங்கியிருக்கின்றன. ஆனால் ஓட்டுநர் நிறுத்தத்தை ஒட்டி நிறுத்தாமல் நடுச்சாலையில் நிறுத்தினால் அந்த வசதி பாழ்.

பெண்கள் விஷயத்தில் இன்னொன்று, வெளிப்படையாகவே சொல்கிறேன். வெளியே கிளம்பும் நாளில் வயதான அம்மாக்கள் தண்ணீர் குடிப்பதில்லை. வழியில் கழிப்பறை இல்லை, இருந்தாலும் குந்தி எழ முடியாது. தாகம் எடுப்பதே அந்த வயதில் குறைவு. சித்திரை வெயில் வேறு. மயக்கம், சிறுநீர்த் தொற்று, திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவது, எல்லாம் இதிலிருந்து வரும். வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது நல்லதே. வெப்பத்தைச் சமாளிக்கச் செய்யும் ஏற்பாடுகளில் சந்தைக்குப் பக்கத்தில் கம்பி வைத்த ஒரு கழிப்பறையும் சேர வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே படுப்பவர்களுக்கு, கூரைமேல் வெள்ளைப் பூச்சு அடித்தால் உள்ளே சூடு தணியும். பங்குனிக்கு முன்பே அடித்துவிடுங்கள்.

"அந்தக் காலத்தில் திண்ணை இருந்தது, பெரியவர்கள் தனியாக இல்லை" என்று யாராவது எழுந்து சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். திண்ணையில் உட்கார்ந்தவர் தாத்தா. பாட்டி அடுப்படியில் இருந்தார். ஊரில் பாதிப்பேருக்கு அந்தத் திண்ணையில் உட்கார உரிமையே இல்லை. நமக்கு வேண்டியது திண்ணை அல்ல, எவரும் உட்காரக்கூடிய பெஞ்சு: 45 செ.மீ. உயரம், முதுகுச் சாய்வு, ஊன்றி எழுவதற்குக் கைப்பிடி, மேலே நிழல். கைப்பிடி இல்லாத பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுவதற்கு ஆள் தேடுவார். அடுத்த முறை உட்காரவே மாட்டார்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட உயரமான ஒரு படி: "வயசானா அப்படித்தான்" என்ற பேச்சு. காது கேட்கவில்லையா? வயசானா அப்படித்தான். முதலில் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்த்தார்களா? இருமினால் சிறுநீர் கசிகிறதா? அப்படித்தான். இடுப்புத்தளத் தசைப் பயிற்சியைச் சில மாதம் ஒழுங்காகச் செய்தால் பலருக்குக் குறைகிறது. மறதியா? டிமென்ஷியா என்கிற மறதி நோய் பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் 2024 அறிக்கை, மாற்றக்கூடிய பதினான்கு காரணங்களைக் கையாண்டால் உலகில் ஏறக்குறைய 45 சதவீதம் டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்கிறது. அந்தப் பதினான்கில் காது கேளாமை, திருத்தப்படாத பார்வைக் குறை, தனிமை, காற்று மாசு எல்லாம் உண்டு. காதுக்கருவி வாங்கி இரண்டே நாளில் டப்பாவில் போட்டு வைப்பவர்கள், அது சத்தத்தைக் கூட்டுகிறதே தவிர பேச்சைப் பிரிக்கவில்லை என்கிறார்கள். மூளை பழக வாரங்கள் ஆகும், இரண்டு மூன்று முறை போய் ட்யூன் செய்ய வேண்டும். யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவியும் கூட்டாளிகளும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், முதுமையைப் பற்றி நல்ல எண்ணம் கொண்டவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏழரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள். அந்த எண்ணத்தை ஒருவர் தன்னந்தனியாக உண்டாக்கிக்கொள்வதில்லை. சுற்றியிருப்பவர்கள் பேசுவதைக் கேட்டுத்தான் வருகிறது.

கிராம சபை வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்துக்கு "முதியோர் நலன் காக்க வேண்டும்" என்று எழுதிக்கொண்டு போகாதீர்கள். அதைத் தீர்மானமாக நிறைவேற்றிக் கோப்பில் வைத்துவிடுவார்கள். எந்தத் தெருவில், எந்த இடத்தில், எத்தனை செ.மீ. உயரத்தில் பெஞ்சு, எந்தக் கழிப்பறையில் எத்தனை கம்பி என்று எழுதுங்கள்.

மேஸ்திரிகள் போய்விட வேண்டாம். டேப் இங்கே மேசைமேல் இருக்கிறது. முதலில் இந்த மண்டபத்தின் கழிப்பறையை அளப்போம். பெரியவர்கள் மூவரும் இறங்கும்போது அவசரப்படாதீர்கள். ஏறுவதைவிட இறங்குவதில்தான் கால் தவறும். இந்தப் பக்கம் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போடச் சொல்லியிருக்கிறேன், பிடித்துக்கொள்ள.