வாய்க்காலுக்கு மேலே பாலை, கீழே பச்சை

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

லடாக் என்றதும் நம்மில் பலருக்குப் பனிதான் ஞாபகத்துக்கு வரும். லே நகரத்தில் விமானம் இறங்கும்போது நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். ஜன்னல் வழியே தெரிந்ததோ மொட்டை மலைகள். சிகரங்களில் மட்டும் வெள்ளை; அதற்குக் கீழே கண்ணுக்கெட்டிய வரை ஒரு மரம் இல்லை.

லேயில் மழை, பனி இரண்டையும் சேர்த்தாலே ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர்தான் தேறும். பருவமழை மேகங்களை இமயமலையின் தெற்குச் சரிவு மறித்துக் கறந்துவிடுகிறது. தாண்டி வருவது வறண்ட காற்று. குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகும். அதனால்தான் இது குளிர்ப் பாலைவனம்.

சரி, மழையே இல்லாத இடத்தில் பார்லி வயலும் ஆப்ரிகாட் தோப்பும் எப்படி? நான் தங்கிய கிராமத்து வீட்டுக்குப் பின்னால் மலையை ஒட்டி ஒரு வாய்க்கால் ஓடியது. அகலம் ஒரு முழம்கூட இருக்காது. 'யுரா' என்கிறார்கள். அதற்கு மேலே ஒரு அடி ஏறினால் வெறும் கல். கீழே இறங்கினால் வயல். யாரோ கோடு கிழித்த மாதிரி இருந்தது. காலையில் அதில் தண்ணீர் மெலிந்து ஓடும். வெயில் ஏறி மேலே பனி உருகிய பிறகு, மத்தியானத்துக்கு மேல்தான் சலசலப்புக் கேட்கும். யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைக்க ஊரே ஒருவரை நியமிக்கிறது. அந்தப் பொறுப்பில் இருப்பவரைச் 'சுர்போன்' என்கிறார்கள். ஒருவர் நாலு கல்லையும் ஒரு புல் கரணையையும் நகர்த்தி வைத்தார். தண்ணீர் அடுத்த வயலுக்குத் திரும்பிவிட்டது. லடாக்கில் நான் பார்த்த ஆகப் பெரிய அதிசயம் இதுதான்.

பார்க்க வேண்டிய இடங்களுக்குக் குறைவில்லை. நிம்மு என்ற இடத்தில் சிந்து நதியோடு ஜன்ஸ்கார் சேர்கிறது. இரண்டின் நிறமும் கொஞ்ச தூரம் கலக்காமல் ஓடும். லாமாயுருவில், எப்போதோ வற்றிப்போன ஏரியின் வண்டல் மஞ்சள் மேடுகளாக நிற்கிறது. 5,359 மீட்டர் உயரத்தில் இருக்கும் கர்துங் லா கணவாயைத் தாண்டினால் நுப்ரா பள்ளத்தாக்கு. அங்கே ஹுண்டரில் மணல் குன்றுகள், இரட்டைத் திமில் ஒட்டகங்கள். மத்திய ஆசியாவின் யார்கண்டு நகரத்துக்குப் போன வணிகக் கூட்டங்கள் விட்டுச்சென்ற ஒட்டகங்களின் வாரிசுகள் அவை. அப்புறம் பாங்காங் ஏரி. கடல் போல நீலம். ஆனால் உப்புத் தண்ணீர், வயலுக்கு உதவாது.

வசந்தத்தில் விதைக்கும்போதுதான் சிக்கல். உயரத்தில் இருக்கும் பனி அப்போது உருகத் தொடங்கியிருக்காது. குளிர்காலத்து ஓடைநீரோ யாருக்கும் பயன்படாமல் போய்விடும். பொறியாளர் செவாங் நோர்பெல் அந்த நீரை மலைச்சரிவில் தேக்கி உறையவைத்து, செயற்கைப் பனிப்பாறைகளை உருவாக்கினார். பிறகு லடாக்கின் இன்னொரு பொறியாளர் சோனம் வாங்சுக் அதே யோசனையைக் கூம்பாக நிறுத்தினார். மேட்டிலிருந்து குழாயில் வரும் தண்ணீர் தன் அழுத்தத்திலேயே பீய்ச்சி, இரவுக் குளிரில் உறைந்து, மாடி உயரத்துக்கு வளர்கிறது. கூம்பு வடிவத்தில் வெயில் படும் பரப்புக் குறைவு என்பதால் மெதுவாகத்தான் உருகும். விதைப்புக்குத் தண்ணீர் கிடைத்துவிடுகிறது. பார்க்க புத்த ஸ்தூபி போல இருப்பதால் பனி ஸ்தூபி என்று பெயர்.

போகிறவர்களிடம் உரிமையோடு இரண்டு விஷயம் சொல்கிறேன். லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் இரண்டு நாள் எங்கும் அலையாமல் ஓய்வெடுங்கள். மூச்சு வாங்கினாலோ, தலைவலி விடாமல் இருந்தாலோ மேலே ஏறவே கூடாது. இரண்டாவது, தண்ணீர். லடாக்கியர் வீடுகளில் தண்ணீரே ஊற்றாத, மண் போட்டு மூடும் கழிப்பறை உண்டு. அங்கே தங்கினால் முகம் சுளிக்காமல் அதையே பயன்படுத்துங்கள். குளிக்க ஒரு வாளி போதும். நீங்கள் திறக்கும் குழாயும் அந்த ஒரு முழ வாய்க்காலும் ஒரே பனியை நம்பித்தான் இருக்கின்றன.

நன்றி, வணக்கம்.