பார்க்கின்சன் நோய் பெருகுகிறதா?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

"முன்னெல்லாம் ஊருக்கு ஒருத்தரைப் பார்க்கிறதே அபூர்வம். இப்போ எங்க தெருவுல மட்டும் மூணு பேருக்குக் கை உதறுது. என்ன டாக்டர் நடக்குது?" என்று அப்பாவையோ அம்மாவையோ அழைத்து வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். நரம்பியல் மருத்துவர்கள் எல்லோருமே அடிக்கடி கேட்கும் கேள்விதான் இது. பார்க்கின்சன் நோய் உண்மையிலேயே பெருகுகிறதா, அல்லது நம் கண்ணுக்கு இப்போதுதான் படுகிறதா என்பதைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன்.

முதலில் எண்ணிக்கை. உலக அளவில் 1990இல் சுமார் 25 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். 2016இல் அது 61 லட்சம். 2019இல் 85 லட்சத்துக்கும் மேல் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்றே ஆண்டுகளில் 24 லட்சம் பேர் புதிதாக வந்துவிட்டார்கள் என்று இதைக் கழித்துப் பார்த்துப் பதற வேண்டாம். மதிப்பிடும் முறை மாறியதும் அந்த வித்தியாசத்தில் கலந்திருக்கிறது. ஆனால் போக்கு ஏறுமுகம்தான், அதில் சந்தேகமில்லை.

இதே வானொலியில் மேட்டூர் அணை நிலவரம் சொல்லும்போது நீர்மட்டம், நீர்வரத்து, நீர் வெளியேற்றம் மூன்றையும் தனித்தனியாகச் சொல்வார்கள். மட்டம் உயர்ந்தால் வரத்து கூடியிருக்கலாம், வெளியேற்றம் குறைந்திருக்கலாம், இரண்டுமே நடந்திருக்கலாம். நோயோடு வாழ்பவர்களின் தொகையும் அப்படித்தான். மொத்தத் தொகை கூடியதை மட்டும் வைத்துக்கொண்டு நோய் அதிகமாகத் தாக்குகிறது என்று முடிவு கட்ட முடியாது.

வெளியேற்றம், அதாவது நோயாளிகள் இறந்துபோகும் வேகம், குறைந்திருப்பது உறுதி. 1967இல் அமெரிக்காவில் மார்கரெட் ஹோன், மெல்வின் யார் என்ற இரு மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பார்க்கின்சன் நோயாளிகள், அதே வயதுள்ள மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் இறந்துகொண்டிருந்தார்கள். படுத்த படுக்கையாகி, உணவு புரையேறி, சளி கட்டி முடிந்துபோனவர்கள் ஏராளம். அதே 1967இல்தான் ஜார்ஜ் கோட்சியாஸ் என்ற மருத்துவர், உடல் அசைவுக்கு மூளை பயன்படுத்துவதும் இந்த நோயில் குறைந்துபோவதுமான டோபமின் என்ற வேதிப்பொருளை ஈடுகட்ட டோபா மருந்தை அதிக அளவில், படிப்படியாகக் கூட்டிக் கொடுத்தால் முடங்கிப்போனவர்கள் எழுந்து நடப்பார்கள் என்று காட்டினார். இன்று நம் அரசு மருத்துவமனைகளில் எழுதித் தரும் லெவோடோபா மாத்திரை அந்த வழியில் வந்ததுதான். இப்போது நோய் கண்ட பிறகும் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழ்பவர்கள் நிறையப் பேர். தொகை கூடியதில் ஒரு பகுதி இந்த நல்ல செய்தி.

அடுத்தது வயது. நாற்பதில் இந்த நோய் வருவது அபூர்வம். அறுபதுக்கு மேல் வேகமாகக் கூடுகிறது. 1980களில் மும்பையின் பார்சி குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய் ஒரு கணக்கு எடுத்தார்கள். லட்சம் பேருக்கு 328 பேருக்கு பார்க்கின்சன் இருந்தது. 1990களில் பெங்களூருவிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் எடுத்த கணக்கில் லட்சத்துக்கு 33தான். பத்து மடங்கு வித்தியாசம்! பார்சி சமூகத்தில் குழந்தைகள் குறைவு, முதியவர்கள் மிக அதிகம். வித்தியாசம் முழுவதும் அதனால் வந்ததல்ல, ஆனால் முக்கியமான காரணம் அதுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றில் பத்துப் பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். தேசிய சராசரியைவிட இது அதிகம். அன்று பார்சிகள் இருந்த நிலையை நோக்கி நாமும் போய்க்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் எல்லாம் வயதின் வேலைதானா? 1990க்கும் 2016க்கும் இடையே, மக்கள்தொகை கூடியதைக் கழித்துவிட்டு, லட்சம் பேருக்கு எத்தனை என்று பார்த்தால் உலகில் பார்க்கின்சன் 74 சதவீதம் கூடியிருந்தது. முதியவர்கள் பெருகியதையும் கழித்துவிட்டுப் பார்த்தபோது அது ஏறக்குறைய 22 சதவீதமாகச் சுருங்கியது. சுருங்கியதே தவிர, பூஜ்யமாகவில்லை. அந்த 22 சதவீதத்திலும் நீண்ட ஆயுள் கொஞ்சம், கண்டுபிடிக்கும் திறமை கூடியது கொஞ்சம் கலந்திருக்கும். மிச்சம் என்ன என்பதுதான் என்னை உறுத்தும் கேள்வி.

கண்டுபிடிப்பது பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். பார்க்கின்சன் என்றால் நடுக்கம் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். நடுக்கமே இல்லாமலும் இந்த நோய் வரும். வலது தோள் பிடித்துக்கொண்டது என்று மாதக்கணக்கில் பிசியோதெரபிக்குப் போய்விட்டுக் கடைசியில் நரம்பியல் பிரிவுக்கு வருகிறவர்கள் உண்டு. வருகிறவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, பெயரையும் ஊரையும் நான்கைந்து முறை எழுதச் சொல்வேன். முதல் வரியில் எழுத்து ஓரளவு ஒழுங்காக இருக்கும். போகப் போகச் சுருங்கி, நான்காவது வரியில் கடுகளவு ஆகிவிடும். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டித் தட்டி எடுக்கச் சொன்னால், நான்கைந்து தட்டலுக்குள் விரல்கள் விரியும் அகலம் குறைந்துகொண்டே வரும். நடந்து வரச் சொன்னால் ஒரு கை வீசும், மற்றொன்று உடலோடு ஒட்டியே இருக்கும். ஸ்கேன் எதுவும் தேவைப்படாத சோதனைகள் இவை. சட்டைப் பொத்தான் போட நேரமாவதை மனைவிதான் முதலில் கவனித்திருப்பார். "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று அவரே விட்டும் இருப்பார். இப்படி விட்டுப்போனவர்கள் இன்று கணக்கில் வரத் தொடங்கியிருக்கிறார்கள். அதனாலும் தொகை ஏறுகிறது.

சரி, நீர்வரத்துக்கு வருவோம். புதிதாக நோய் வருபவர்கள் கூடுகிறார்களா? இதில் நல்ல ஆய்வுகளே ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஓம்ஸ்டெட் என்ற மாவட்டத்தில் பல பத்தாண்டு மருத்துவப் பதிவேடுகள் பத்திரமாக இருக்கின்றன. 1976 முதல் 2005 வரை அவற்றைப் பார்த்ததில் ஆண்களிடம் ஆண்டுக்கு லட்சத்தில் 18 பேர் என்றிருந்தது 30 ஆக ஏறியிருந்தது. எழுபதைத் தாண்டிய ஆண்களிடம்தான் ஏற்றம் அதிகம். புகைபிடிப்பது குறைந்ததும் காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். புகைப்பவர்களுக்கு இந்த நோய் குறைவாக வருவது பல ஆய்வுகளில் கண்ட உண்மை. அதற்காக யாரும் பீடியைத் தொட்டுவிடாதீர்கள், நெஞ்சும் நுரையீரலும் போய்விடும். ஆனால் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 1990இல் பின்தொடரத் தொடங்கிய குழுவையும் 2000இல் தொடங்கிய குழுவையும் ஒப்பிட்டால், அங்கே நோய் குறைந்திருக்கிறது.

இதை வைத்து, "தெளிவில்லாத விஷயம், விடுங்கள்" என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஓரிடத்தில் ஏறி ஓரிடத்தில் இறங்கும் நோய் என்றால், இடத்துக்கு இடம் மாறும் ஏதோ ஒன்று அதைத் தீர்மானிக்கிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். மாறக்கூடியது என்றால் நம்மால் மாற்றவும் கூடும்.

அது என்ன என்பதற்கு ஒரு தடயம் 1982இல் கலிபோர்னியாவில் கிடைத்தது. இளைஞர்கள் சிலர் திடீரென்று சிலைபோல் உறைந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் விசாரித்தபோது, திருட்டுத்தனமாகத் தயாரித்த ஒரு போதை மருந்தை அவர்கள் ஊசியில் ஏற்றிக்கொண்டது தெரிந்தது. அதில் கலந்திருந்த எம்.பி.டி.பி. என்ற வேதிப்பொருள் மூளையின் டோபமின் செல்களைத் தேடிப்பிடித்து அழித்திருந்தது. அது உடலுக்குள் போனபின் எடுக்கும் வடிவம், பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் மூலக்கூறைப் பெரிதும் ஒத்திருக்கிறது.

அமெரிக்கக் கடற்படை வீரர்கள் தங்கிய கேம்ப் லெஜூன் முகாமின் கதை இன்னொன்று. 1953 முதல் 1987 வரை அங்கே குடிநீரில், உலோகத்தில் பிசுக்கு நீக்கவும் டிரை கிளீனிங்குக்கும் பயன்பட்ட டிரைகுளோரோஎத்திலீன் முதலிய வேதிப்பொருள்கள் கலந்திருந்தன. 2023இல் வெளியான ஆய்வின்படி, மாசில்லாத வேறொரு முகாமில் இருந்தவர்களைவிட இவர்களுக்குப் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். நீரைக் குடித்தது இளமையில், நோய் வந்தது பல பத்தாண்டுகள் கழித்து.

பாராகுவாட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் விலக்கியது. இலங்கையும் கேரளமும் தடை செய்தன. இலங்கை தடுத்தது அதைக் குடித்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களைப் பார்த்து, பார்க்கின்சனுக்காக அல்ல. பூச்சிமருந்தோடு புழங்கிய விவசாயிகளுக்கு வரும் பார்க்கின்சனைத் தொழில்சார் நோயாகவே பிரான்ஸ் 2012இல் ஏற்றுக்கொண்டது. நம் ஊரில் மருந்தடிக்கும் கூலிக்காரரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முழங்கால் வரை மடித்துக் கட்டிய கைலி, வெறுங்கால். வாளியில் மருந்தை ஊற்றிக் குச்சி கிடைக்காவிட்டால் கையாலேயே கலக்குவார். முதுகில் மாட்டிய டேங்கின் மூடி சரியாகப் பொருந்தாமல் ஒழுகி, சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மாலையில் அந்தச் சட்டையை மனைவி கையால் துவைப்பார். பூச்சிமருந்துக்கும் பார்க்கின்சனுக்கும் உள்ள தொடர்புக்கு முழுச் சான்று வரட்டும் என்று இவரைக் காத்திருக்கச் சொல்வது நியாயமில்லை என்பது என் கருத்து. ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, முகமூடி, காலுக்கு பூட்ஸ், காற்றுக்கு எதிராக அடிக்காமல் காற்று போகும் திசையிலேயே அடிப்பது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிப்பது, இவ்வளவும் இன்றே செய்யக்கூடியவை. கையுறையும் முகமூடியும் வாங்கித் தருவது நிலத்துக்காரரின் பொறுப்பு.

அரசிடம் கேட்பது ஒன்று உண்டு. சென்னையில் 1980களின் தொடக்கத்திலிருந்து புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. எந்தப் புற்றுநோய் கூடுகிறது, எது குறைகிறது என்று அதனால்தான் நம்மால் உறுதியாகச் சொல்ல முடிகிறது. கலிபோர்னியாவில் 2018 முதல் பார்க்கின்சன் நோயாளி ஒவ்வொருவரையும் பதிவு செய்வது கட்டாயம். அப்படி ஒரு பதிவேடு இங்கேயும் வேண்டும், அதில் செய்யும் தொழிலுக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் ஒரு கட்டம் இருக்க வேண்டும். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கே ஆள் வருகிறார்கள். அவர்கள் விரல் தட்டும் சோதனையையும் நடையையும் ஒரு நிமிடம் பார்த்தால், கிராமத்தில் மூலையில் உட்கார்ந்திருக்கும் எத்தனையோ பேருக்கு மாத்திரை போய்ச் சேரும்.

வீட்டில் யாருக்காவது எழுத்து சிறுத்தாலோ, ஒரு கை வீசாமல் நின்றாலோ, வாசனை தெரியவில்லை என்றாலோ, தூக்கத்தில் கத்திக் கையைக் காலை உதறினாலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் புறநோயாளிகள் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நேரம் தவறாமல் சாப்பிடுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.