பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பவர்கள்

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று கரையோரம் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லாருக்கும் வணக்கம். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

உங்கள் ஊர் வங்கிக்குள் போனால் கவுன்டரில் பெண்களைப் பார்ப்பீர்கள். சில கிளைகளில் மேலாளரும் பெண்தான். அதற்கு மேலே போகப் போக ஆள் குறைந்துவிடும். 1806இல் கல்கத்தாவில் வேர்விட்ட ஸ்டேட் வங்கிக்கு முதல் பெண் தலைவராக அருந்ததி பட்டாச்சார்யா வந்தது 2013இல். 1935இல் தொடங்கிய ரிசர்வ் வங்கியில் முதல் பெண் துணை ஆளுநர் கே.ஜே. உதேஷி, 2003இல். ஆளுநராக இதுவரை ஒரு பெண்கூட வரவில்லை.

திறமை இல்லை என்று யாராவது சொன்னால், இந்தக் கரையில் எடுபடாது. கடலில் மூழ்கிப் பாசி எடுத்துவிட்டு வந்து, ஈரத்தலையோடு உட்கார்ந்து மகளிர் குழுவின் சந்தா, உள்கடன், வட்டி எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிற பெண்கள் நம் ஊர்க்காரர்கள்.

என்னோடு ஒரு பெண் அதிகாரி இருந்தார். வள்ளத்துக்குக் கடன் கேட்டு மனு வந்தால் மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட மாட்டார். மணலில் நடந்து போய், என்ஜின் எண்ணின் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து வருவார். அந்தத் தாள் கோப்பில் இருக்கும். மீன்பாடு இல்லாத மாதங்களைக் கணக்குப் பார்த்துத்தான் தவணை போடுவார். கடனைப் பற்றி அவருக்குத் தெரிந்தது மேலே இருந்த பலருக்குத் தெரியாது.

புரமோஷன் சுற்றறிக்கை வந்தது. விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஏன் என்றேன். "மகள் பிளஸ் டூ, மாமியாருக்கு நடமாட்டம் இல்லை. பாட்னாவில் போட்டால் என்னக்கா செய்வேன்?" என்றார். அதே வருஷம் அதே சுற்றறிக்கையில் ஓர் ஆண் நண்பர் போனார். அவர் வீட்டிலும் பிளஸ் டூ பிள்ளை உண்டு. பார்த்துக்கொள்ள மனைவி இருந்தார்.

மேலே போகப் போகப் பெண்கள் குறைவது இந்த இடத்தில்தான். பதவி உயர்வுப் பரீட்சையில் தோற்று நின்றவர்களைவிட, பரீட்சைக்கே போகாமல் எழுதிக் கொடுத்தவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். உயர்வோடு ஊர் மாற்றமும் வருகிறது. வருகிற வயதோ நாற்பதை ஒட்டி, வீட்டுப் பாரம் முழுக்கத் தலையில் இருக்கும்போது. பிறகு கோப்பில் என்ன பதிவாகிறது? "விருப்பமில்லை." அவ்வளவுதான். அதை வைத்துப் பெண்களுக்கு ஆசை இல்லை என்று பேசுகிறார்கள். எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

பட்டாச்சார்யா காலத்தில், பிள்ளைகளையோ பெரியவர்களையோ பார்த்துக்கொள்ள இரண்டு வருஷம் வரை விடுப்பு எடுத்துத் திரும்பி வர ஸ்டேட் வங்கியில் வழி செய்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் கூடவே சேர்ந்த ஆண்கள் ஒரு படி ஏறிவிடுகிறார்களே, அதற்கு என்ன செய்வது?

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். பெரிய கடன் பிரிவையும், வங்கிப் பணத்தை முதலீடு செய்யும் கருவூலப் பிரிவையும் கொடுக்காமல், பெண்களைப் பயிற்சி, பணியாளர் பிரிவு என்றே சுற்றவிடுவதைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், முடியவில்லை. ஒன்று மட்டும். பொதுத்துறை வங்கிப் பெண்களைக் கணவர் வேலை பார்க்கும் ஊருக்கு அருகில், மணமாகாதவர்களைப் பெற்றோருக்கு அருகில் முடிந்தவரை அமர்த்தச் சொல்லி 2014இல் மத்திய நிதி அமைச்சகம் அறிவுறுத்தியது. கேட்டுக்கொண்டிருக்கும் வங்கிப் பெண்களே, விருப்பமில்லை என்று எழுதும் முன் அதைச் சுட்டிக்காட்டி ஒரு மனு கொடுங்கள். வணக்கம்.