ஸ்னோ ஒயிட்: பழைய படம் என்பதால் பாராட்டினேனா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

அனைவருக்கும் வணக்கம். கிரிம் சகோதரர்களின் கதைகளைப் பற்றிய சென்ற உரையில், 1937-ஆம் ஆண்டு வால்ட் டிஸ்னி தயாரித்த ‘ஸ்னோ ஒயிட்டும் ஏழு சித்திரக்குள்ளர்களும்’ படத்தைப் பற்றிச் சிறிது நேரம் பேசியிருந்தேன். அதைக் கேட்டுவிட்டுப் பாலக்கோட்டிலிருந்து ஒரு சகோதரி தம் குடும்பத்தோடு அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். முடிந்ததும் வீட்டில் பெரிய விவாதமே நடந்திருக்கிறது. கல்லூரியில் படிக்கும் மூத்த மகள், “வீட்டைப் பெருக்கிச் சமைத்துப் போட்டுவிட்டு, இளவரசன் வந்து எழுப்பும் வரை படுத்துக் கிடக்கும் பெண்ணின் கதையை இன்றைக்கு எதற்குப் பார்க்க வேண்டும்?” என்று கேட்டிருக்கிறார். கணவர், படம் மெதுவாக நகர்கிறது என்றிருக்கிறார். ஆறு வயது மகனோ சூனியக்காரி வந்ததும் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டானாம். “நீங்கள் அவ்வளவு உயர்த்திப் பேசியது பழைய படம் என்ற மரியாதைக்காகவா, உண்மையிலேயே நல்ல படம் என்பதற்காகவா?” என்று அந்தச் சகோதரி கேட்கிறார். படித்த நேரத்திலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

மகளின் கருத்திலிருந்து தொடங்குகிறேன். தருமபுரியில் நாங்கள் இந்தப் படத்தைத் திரையிட்டுப் பேசியபோதும் இளம்பெண்கள் பலர் இதையேதான் சொன்னார்கள். அதில் ஒரு பாதி முற்றிலும் சரி. அந்த இளவரசனிடம் உயிர் இல்லை. தொடக்கத்தில் கிணற்றடியில் வந்து ஒரு பாட்டுப் பாடுகிறான். பிறகு காணாமல் போய்க் கடைசியில் முத்தமிட வருகிறான். இடையில் அவன் என்ன ஆனான் என்பதில் படத்துக்கே அக்கறை இல்லை. இதற்குத் தொழில் சார்ந்த காரணம் ஒன்று உண்டு. இயல்பான உடலமைப்புள்ள ஓர் ஆணை நம்பும்படி நடமாடவைப்பது அன்றைய ஓவியர்களுக்கு எளிதில் கைவரவில்லை. அதனால் அவனுக்கென்று யோசித்து வைத்திருந்த காட்சிகளைக் குறைத்துக்கொண்டார்கள். அந்த முத்தமும் கிரிம் சகோதரர்களின் கதையில் கிடையாது. நாம் இன்று படிக்கும் பதிப்பில், ஸ்னோ ஒயிட் கிடக்கும் கண்ணாடிப் பெட்டியைச் சுமந்து செல்லும் வேலையாட்கள் கால் இடறித் தடுமாற, அந்தக் குலுக்கலில் தொண்டையில் சிக்கியிருந்த நச்சு ஆப்பிள் துண்டு வெளியே வந்துவிட, அவள் கண் விழிக்கிறாள். படத்தை எடுத்தவர்கள் அந்த இடத்தில் முத்தத்தை வைத்தார்கள். அது இன்றைய பெண்பிள்ளைகளுக்கு உறுத்துகிறது என்றால், உறுத்துவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் மறுபாதியை என்னால் ஏற்க முடியவில்லை. அவள் சமைக்கிறாள், பெருக்குகிறாள் என்பது உண்மைதான்; எந்த அதிகாரத்தோடு செய்கிறாள் என்பதையும் பாருங்கள். அடுப்பில் சூப் கொதிக்கிறது, ஏழு பேரும் பசியோடு ஓடிவருகிறார்கள். சுரங்கத்தில் வைரம் தோண்டும் வயதான ஆண்களை அவள் நிறுத்தி, கைகளை நீட்டச் சொல்லி, அழுக்கைப் பார்த்துவிட்டு, கழுவிக்கொண்டு வந்தால்தான் சாப்பாடு என்று வெளியே அனுப்புகிறாள். அவர்களும் போகிறார்கள். முரண்டு பிடிக்கும் கிரம்பி என்ற சிடுமூஞ்சிக் குள்ளனை மற்ற ஆறு பேரும் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் அமுக்கிக் கழுவுகிறார்கள். அடைக்கலம் தேடி வந்த ஒரு சிறுமி, வந்த நாளிலேயே அந்த வீட்டின் தலைவியாகிவிடுகிறாள்.

இந்தப் படத்தில் ஒரு காதல் கதை இருக்கிறது என்றால், அது இளவரசனோடு நடப்பதன்று என்பதே என் கருத்து. அது கிரம்பிக்கும் அவளுக்கும் நடுவில் உருவாகும் அன்பு. அவளை வீட்டில் சேர்க்கவே கூடாது என்று முதலில் எதிர்ப்பவன் அவன்தான். பெண்கள் என்றாலே ஆகாது என்று மூலையில் போய் உட்கார்ந்துகொள்கிறான். மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவள் ஒவ்வொருவர் நெற்றியிலும் முத்தமிட்டு அனுப்புகிறாள். கிரம்பி தன் முறை வருவதற்கு முன் யாரும் பார்க்காதபடி தன்னைச் சரிசெய்துகொள்கிறான். அருகில் வந்ததும் முறைப்பாக, வீட்டுக்குள் யாரையும் விடாதே என்று எச்சரிக்கிறான். அவள் முத்தமிட்டதும் கோபக்காரனைப் போலவே விறுவிறுவென்று நடக்கிறான். நடை தளர்கிறது. நிற்கிறான். ஒரு பெருமூச்சு விடுகிறான். முகத்தின் சுருக்கங்களெல்லாம் நெகிழ்கின்றன. சில விநாடிகள்தான். அவளுக்கு ஆபத்து என்று தெரிந்ததும் எல்லோரையும் முந்திக்கொண்டு மானின் மேல் ஏறி ஓடுகிறவனும் அவன்தான்.

அவன் நிற்கிறானே, அந்த இடத்தைக் கவனியுங்கள். நம் உரைகளைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வது நினைவிருக்கும்: அனிமேஷன் படத்தில் ஓடுவதையும் குதிப்பதையும் வரைந்துவிடலாம், அசையாமல் நிற்பதை வரைவதுதான் கடினம். ஒரு நடிகர் கேமராவின் முன் சும்மா நின்றாலும் மூச்சு விடுகிறார், இமைக்கிறார். அவர் உயிரோடு இருப்பதை நாம் சந்தேகிப்பதில்லை. ஓவியம் அப்படியன்று. திரையில் ஒரு விநாடிக்கு 24 பிரேம்கள், அதாவது தனித்தனிப் படங்கள், ஓடுகின்றன. ஒரே ஓவியத்தை அவற்றில் தொடர்ந்து நிறுத்திவைத்தால், பார்ப்பவரின் கண்ணுக்கு அது உடனே செத்துப்போன காகிதமாகிவிடும். ஆகவே நிற்கும் உருவத்துக்கும் மிக நுண்ணிய அசைவு வேண்டும். அந்த அசைவு கண்ணில் படவும் கூடாது. 1937-க்கு முன்பு வந்த கார்ட்டூன்கள் பெரும்பாலும் ஏழெட்டு நிமிடச் சிரிப்புப் படங்கள். 83 நிமிடம் மக்களை உட்காரவைக்க ஓட்டமும் அடிதடியும் மட்டும் போதாது. நின்று துயரப்படும் உருவமும் வேண்டியிருந்தது.

இது நமக்குப் புதிதும் அன்று. நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடம்பிலேயே தெரியும். பென்னாகரம் பக்கத்து ஊர் ஒன்றில் கர்ண மோட்சம் பார்த்தது எனக்கு இன்றும் மறக்கவில்லை. நள்ளிரவு வரை கட்டியங்காரன் சிரிக்கவைத்துக்கொண்டே இருந்தார். அடவுகள் புழுதி கிளப்பின. விடியற்காலையில் கர்ணன் போருக்குக் கிளம்பும் கட்டம். கர்ணனின் மனைவி பொன்னுருவியாக வேடம் கட்டியவர் கைகளை ஆட்டவில்லை, பாடவும் இல்லை. மிருதங்கம் நின்றது. முகவீணை மட்டும் மெல்லிதாக இழுத்துக்கொண்டிருந்தது. அவர் நின்றார், அவ்வளவுதான். பாயில் படுத்திருந்த கிழவிகள் எழுந்து உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். இரவெல்லாம் ஆடிய கால் நின்றதால்தான் அந்த நிற்றலுக்கு அவ்வளவு கனம் வந்தது.

அதே கனத்தைத்தான் ஸ்னோ ஒயிட்டைக் கிடத்தியிருக்கும் காட்சியில் பிராங்க் தாமஸ் என்ற ஓவியர் கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் மெழுகுவத்திகள் உருகுகின்றன. குள்ளர்கள் ஏழு பேரும் சுற்றி நிற்கிறார்கள். வசனம் ஒன்று கூட இல்லை. சற்று முன்பு வரை உருண்டு புரண்டு நம்மைச் சிரிக்கவைத்த அதே உருவங்கள் ஏறக்குறைய அசைவற்றுப் போய்விடுகின்றன; கன்னத்தில் கண்ணீர் மட்டும் இறங்குகிறது. கிரம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு தாங்க முடியாமல் விம்முகிறான். 1937 டிசம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கார்த்தே சர்க்கிள் திரையரங்கில் முதன்முதலாகப் படத்தைப் பார்த்தவர்கள் இந்த இடத்தில் அழுதார்கள் என்று, அன்று அங்கே இருந்த ஓவியர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அவர்கள் அழுதது மை பூசிய கோடுகளுக்காக! இரண்டரை லட்சம் டாலரில் முடித்துவிடலாம் என்று தொடங்கிய படம் ஏறத்தாழ பதினைந்து லட்சத்தில் போய் நின்றது. வீட்டை அடமானம் வைத்த டிஸ்னியைத் திரையுலகமே பைத்தியக்காரர் என்று பேசியது. கார்ட்டூனைப் பார்த்து யாராவது அழுவார்களா என்று கேட்ட அத்தனை பேருக்கும் அன்றிரவு பதில் கிடைத்தது. சகோதரி அவர்களே, “ஓர் ஓவியத்துக்காக நாம் ஏன் அழுகிறோம்?” என்று நீங்கள் கேட்டிருந்தால் நான் ஒரு முழு உரையே ஆற்றியிருப்பேன்; அந்த ஆசையில்தான் இங்கே இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன்.

படம் மெதுவாக நகர்கிறது என்ற உங்கள் கணவரின் கருத்துக்கு ஒரு செய்தி சொல்கிறேன். குள்ளர்கள் சூப் குடிக்கும் நீண்ட காட்சி ஒன்றை வார்ட் கிம்பல் என்ற இளம் ஓவியர் மாதக்கணக்கில் உழைத்து வரைந்திருந்தார். மிகுந்த நகைச்சுவை நிறைந்த காட்சி அது. கதையின் ஓட்டத்தைத் தடுக்கிறது என்று டிஸ்னி அதை அப்படியே எடுத்துவிட்டார். கிம்பல் மனம் உடைந்து வேலையை விடவே நினைத்தார். அவ்வளவு கறாராக வெட்டியவர்கள், அந்த அழுகைக் காட்சியின் மௌனத்தில் கை வைக்கவில்லை. எங்கள் திரையிடலுக்கு அரூரிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர், கிணற்று நீரில் அவள் முகம் தெரியும் இடத்தில் எழும் வளையங்களை மட்டும் மூன்றாம் முறையாகப் போட்டுக் காட்டச் சொன்னார். மெதுவான இடங்களில்தான் அந்த ஓவியர்களின் கை தெரிகிறது என்று அவர் சொன்னதை உங்கள் கணவருக்கும் சொல்லுங்கள்.

உங்கள் மகன் பயந்தது குறித்துக் கவலை வேண்டாம். பிரிட்டனில் இந்தப் படம் வந்தபோது, 16 வயதுக்கு உட்பட்டவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்க வேண்டும் என்ற ‘ஏ’ சான்றிதழைத் தணிக்கை வாரியம் கொடுத்தது. அன்றைக்கே அதன் பயங்கரத்தை அறிந்திருந்தார்கள். மரக்கிளைகள் கைகளாக நீண்டு அவளைப் பிடிக்கும் காட்டுக் காட்சியும், அரசி மருந்தைக் குடித்துக் கிழவியாக மாறும் காட்சியும் ஆறு வயதுக்கு அதிகம்தான். அந்த இரண்டு இடங்களில் விளக்கைப் போட்டு, ஒலியைக் குறைத்து, அவனை மடியில் வைத்துக்கொண்டு, இது வரைந்த படம் என்று பென்சிலும் காகிதமும் கொடுத்துக் காட்டுங்கள். குள்ளர்கள் கை கழுவும் காட்சியை அவனைத் தனியாக உட்காரவிட்டாலும் பார்ப்பான். ஆப்பிளோடு கிழவி சன்னலுக்கு வரும்போது மறுபடியும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளுங்கள்.