பெட்ராவின் வாய்க்கால்

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும், பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஜோர்தான் நாட்டின் பழைய நகரமான பெட்ரா என்றதும் பாறையில் குடைந்த அந்தச் சிவந்த முகப்புதான் எல்லோருக்கும் நினைவு வரும். அதைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்திருப்பீர்கள். ஆனால் பொதுப்பணித் துறையில் முப்பது ஆண்டுகள் ஏரியும் மதகும் பார்த்தே காலம் தள்ளியவன் நான். அங்கே என் கண் போனது வாய்க்காலின் மேல்தான். அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

என் மருமகன் ஜோர்தானில், அம்மான் நகரில் வேலை செய்கிறார். அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள் விடுப்பு. அதனால் விடியுமுன் நாலரை மணிக்கே காரில் கிளம்பிவிட்டோம். தெற்கே இருநூற்று முப்பது கிலோமீட்டருக்கு மேல், பெரும்பகுதியும் பாலைவன நெடுஞ்சாலை. எட்டு மணிக்கு வாதி மூசா ஊரில் இறங்கினோம். பழைய நகரம் அந்த ஊருக்குக் கீழே, மலைகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கிறது. அதற்குள் போகிற வழியின் பெயர் சிக். மலை பிளந்து உண்டான இடுக்கு அது. நீளம் சுமார் 1.2 கிலோமீட்டர். இருபுறமும் எண்பது மீட்டர் வரை பாறை எழும்பி நிற்கிறது. சில இடங்களில் இரண்டு ஒட்டகங்கள் அருகருகே நடந்தாலே வழி அடைபட்டுவிடும்.

கூட்டம் முழுதும் அண்ணாந்து பார்த்தபடி நடந்தது. நான் இடுப்பு உயரத்தில் பார்த்தேன். இடப்புறப் பாறையில் ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். வலப்புறம் சுடுமண் குழாய்கள். ஒன்றின் வாய்க்குள் அடுத்ததைச் செருகி, இணைப்பில் சாந்து பூசிப் பதித்திருக்கிறார்கள். பெரும்பகுதி உடைந்துபோனாலும் இங்கொன்றும் அங்கொன்றுமாக இன்னும் இருக்கிறது. நகரத்துக்கு வெளியே மேட்டில் இருக்கும் ஐன் மூசா என்ற ஊற்றிலிருந்து குடிதண்ணீர் இந்த வழியாகத்தான் வந்தது. நான் அங்கங்கே உட்கார்ந்து வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, பார்த்தேன். வாட்டம் கூடினால் தண்ணீர் வேகமெடுத்து இணைப்பைப் பிடுங்கும். குறைந்தால் வண்டல் படிந்து அடைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே அந்த ஒற்றைக் கோட்டை, வளைந்து வளைந்து போகிற ஒரு பாறைச் சுவரில், இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஒருவர் பிடித்திருக்கிறார். அவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாமா, நேரம் போகுது" என்று மருமகன் மூன்று முறை அழைத்தார். அரை மணியில் கடக்க வேண்டிய சிக்கை ஒன்றரை மணி நேரத்தில் கடந்தேன்.

இடுக்கு முடிகிற இடத்தில் அல் கஸ்னே முகப்பு. சுமார் 40 மீட்டர் உயரம். கருவூலம் என்று பெயர். ஆனால் அது ஓர் அரச கல்லறை என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. படத்தில் பார்த்ததைவிட நேரில் அழகு. அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

இதையெல்லாம் செய்தவர்கள் நபதேயர்கள் என்ற பழைய அரபு மக்கள். தொடக்கத்தில் கூடாரத்தில் வாழ்ந்தவர்கள். விதைக்கக் கூடாது, வீடு கட்டக் கூடாது என்பது அவர்களின் கட்டுப்பாடு என்று கிரேக்க வரலாற்றாசிரியர் தியோடோரஸ் எழுதுகிறார். பாலைவனத்தில் தரைக்கடியில் தொட்டி வெட்டுவார்களாம். வாய் சிறிதாகவும் உள்ளே போகப் போக அகலமாகவும் இருக்கும். சாந்து பூசி, மழைநீர் நிரப்பி, வாயை மூடிவிட்டு, தங்களுக்கு மட்டும் தெரிந்த அடையாளம் வைத்துவிட்டுப் போவார்கள். பகைவர் படையெடுத்து வந்தால் பாலைக்குள் ஓடுவார்கள். துரத்தி வருபவர் தாகத்தால் திரும்பியாக வேண்டும். சாம்பிராணியையும் வாசனைப் பொருள்களையும் ஒட்டகத்தில் ஏற்றிச் செல்வம் சேர்த்தது இந்தத் தண்ணீர் அறிவால்தான். நம் முசிறித் துறைமுகத்தைச் சொல்லும் அதே முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, செங்கடல் கரையிலிருந்து நபதேய மன்னன் மாலிகஸின் பெட்ராவுக்குப் போகும் பாதையையும் சொல்கிறது. கி.பி. 106இல் ரோமானியர் இந்நாட்டைத் தங்கள் பேரரசோடு சேர்த்துக்கொண்டார்கள். 363இல் வந்த நிலநடுக்கம் நகரத்தின் பெரும்பகுதியைச் சாய்த்தது.

சிக்கில் நான் செலவழித்த நேரத்துக்கு விலை நடுப்பகலில் தெரிந்தது. அத்-தைர் என்ற பெரிய முகப்பு மலை உச்சியில் இருக்கிறது. எண்ணூறு படிகளுக்கு மேல். காலை நிழலில் ஏற வேண்டியதை உச்சிவெயிலில் ஏறினோம். படிகள் தேய்ந்து வழுக்குகின்றன. எதிரே கழுதைகள் ஆளைச் சுமந்து இறங்குகின்றன. பாதிக்கு மேல் போனதும் என் முழங்கால் மடங்க மறுத்தது. கொண்டுபோன தண்ணீரும் தீர்ந்துவிட்டது. வாய் ஒட்டிக்கொண்டது. ஒரு திருப்பத்தில் பதூவின் என்ற பாலைவன இனத்தைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் துணி நிழலில் தேநீர் விற்றுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் முதலில் ஒரு குவளைத் தண்ணீர் நீட்டினார். காசு கொடுத்தபோது தேநீருக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, தண்ணீருக்கு உரியதைத் திருப்பிக் கையில் வைத்தார். அந்த மண்ணில் தண்ணீருக்கு என்ன மதிப்பு என்பதை அந்த ஒரு கையசைவில் புரிந்துகொண்டேன்.

உச்சி அடைந்தோம். தைர் கஸ்னேயைவிடப் பெரியது, எளிமையானது. அதைத் தாண்டி ஒரு விளிம்பில் நின்றால் வாதி அரபா பள்ளத்தாக்கு வரை மலைகள் மடிப்பு மடிப்பாக இறங்குகின்றன. எங்கும் ஒரு பச்சை இல்லை. இந்த வட்டாரத்தில் ஆண்டு முழுதும் பெய்வதே சுமார் 150 மில்லிமீட்டர் மழை; நம் கடலோர ஊர்களில் ஒரு புயல் இரவிலேயே அவ்வளவு கொட்டிவிடும். அப்படிப்பட்ட ஊரின் நடுவில் நபதேயர்கள் 43 மீட்டர் நீளத்தில் குளம் வெட்டி, பக்கத்திலேயே தோட்டமும் போட்டிருந்ததை 1998 முதல் நடந்த அகழாய்வு காட்டியிருக்கிறது.

மாலை திரும்பும்போது சிக்கின் நுழைவாயிலில் கடைசியாக நின்றேன். அங்கே ஓர் அணை. மழை வரும்போது வாதி மூசா ஓடையின் வெள்ளம் முழுதும் இந்த இடுக்குக்குள் பாயும். அதைத் தடுத்து, மலையைக் குடைந்த சுமார் 88 மீட்டர் சுரங்கம் வழியாகப் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குத் திருப்பிவிட்டவர்கள் நபதேயர்கள். பிற்காலத்தில் அணை சிதைந்தது, பராமரிக்க ஆளில்லை. 1963 ஏப்ரலில் திடீர் வெள்ளம் சிக்குக்குள் பாய்ந்து, பிரான்சிலிருந்து வந்த பயணிகள் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகு, பழைய அணை இருந்த அதே இடத்தில் புதிய அணை கட்டினார்கள். வெள்ளம் இன்றும் போவது நபதேயர் குடைந்த அந்தச் சுரங்கத்தின் வழியாகத்தான்.

சுரங்கத்தின் வாயில் காய்ந்த வண்டல் வெடித்துக் கிடந்தது. குனிந்து ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தேன். எங்கள் ஊர் ஏரிக் களிமண் போலில்லை; நயமான மணல். "மாமா, இருட்டப் போகுது" என்றார் மருமகன். "இன்னும் ரெண்டு நிமிஷம் மாப்பிள்ளை" என்றேன். அவரும் வந்து என் பக்கத்தில் குந்திக்கொண்டு, "தண்ணி எந்தப் பக்கமா வரும்?" என்று கேட்டார்.